கேன்சர் வார்டில் நர்சிங் தரம்: எதை எண்ணினால் உண்மை தெரியும்?

கீமோசிஸ்டர்_கோவை

எல்லோருக்கும் வணக்கம். தனியார் மருத்துவமனை ஒன்றில் ஆன்காலஜி இன்சார்ஜாக இருக்கிறேன். கீழே கீமோ போட்டுக்கொண்டு அன்றே வீட்டுக்குப் போகிறவர்களுக்கான டே கேர், மேலே வார்டு, இரண்டும் என் தலையில். மாதக் கடைசியானால் குவாலிட்டி செல்லில் இருந்து எக்ஸெல் தாள் வந்துவிடும். கீழே விழுந்தவர்கள் எத்தனை பேர், அட்மிஷனுக்குப் பிறகு வந்த படுக்கைப்புண் எத்தனை, மருந்துத் தவறு எத்தனை, சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாயில் போடும் டியூப்) தொற்று எத்தனை, நோயாளி திருப்தி எத்தனை சதவீதம். மருத்துவமனை அங்கீகாரத்துக்கான என்ஏபிஎச் ஆய்வு நெருங்குவதால் இப்போது வாரா வாரம் கேட்கிறார்கள்.

தாள் முழுக்கப் பச்சை. சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் அதே வாரம் மேல் வார்டில் ஓர் அம்மா, 5-எஃப்யூ என்ற கீமோ மருந்து போய்க்கொண்டிருப்பவர், ஆறின கஞ்சியைக்கூட விழுங்க முடியாமல் டம்ளரை ஓரமாகத் தள்ளி வைத்திருந்தார். நோட்ஸைப் புரட்டினால் ஒவ்வொரு ஷிஃப்டிலும் ‘வாய் சுத்தம் செய்யப்பட்டது’ என்று டிக். டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்ததாக ஒரு வரி இல்லை. புண் எந்த கிரேடு என்றும் இல்லை. அந்த அம்மா கீழே விழவில்லை, முதுகில் புண் வரவில்லை, மருந்தும் தவறவில்லை. ஆகவே அவர் பட்ட பாட்டை எழுத என் தாளில் கட்டமே கிடையாது.

பொது வார்டுக்குத் தைத்த தாளை அப்படியே எங்களுக்கும் மாட்டிவிட்டிருக்கிறார்கள் என்பது புரிகிறது. சரி, கேன்சர் நோயாளியைப் பார்க்கும் நர்சிங்குக்கு எதுதான் அளவுகோல்? உங்கள் இடத்தில் எதை எண்ணுகிறீர்கள்?

மேட்ரன்_மதுரை

சிஸ்டர், நோயாளியை எண்ணுவதற்கு முன்னால் வார்டில் எத்தனை கை இருக்கிறது என்று எண்ணுங்கள்.

டோனபேடியன் 1966-லேயே மருத்துவத் தரத்தை மூன்றாகப் பிரித்துச் சொல்லிவிட்டார்: அமைப்பு, செயல்முறை, விளைவு. நம் ஊரில் குவாலிட்டி பேசுகிறவர்கள் விளைவில் ஆரம்பித்து, செயல்முறையில் நான்கு செக்லிஸ்ட் அடித்துக் கொடுத்து, அதோடு நின்றுகொள்வார்கள். அமைப்பு பக்கம் போனால் ஆள் எடுக்க வேண்டும், சம்பளம் தர வேண்டும், அதனால் அந்தப் பேச்சே வராது.

இந்திய நர்சிங் கவுன்சில் கணக்குப்படி போதனா மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற பொது மருத்துவமனையில் ஐந்து பேருக்கு ஒருவர். நான் சர்வீசில் இருந்த காலம் முழுக்க அந்த விகிதத்தைக் காகிதத்தில் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை. எம்ஆர்பி, அதாவது மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் வந்த பிள்ளைகள் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் வேலை பார்த்து, பொறுக்க முடியாமல் 2017 நவம்பரில் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் போய் உட்கார்ந்தார்களே, நினைவிருக்கிறதா? இரவு முழுக்க வார்டைத் தனியாகச் சுமந்த பிள்ளையிடம் ‘வாய்க்குள் பார்த்தாயா’ என்று கேட்க எனக்கு நா எழாது.

டிக் போட்ட பெண்ணைத் திட்டிவிடாதீர்கள். செய்ய நேரமில்லாததை எழுத மட்டும் நேரம் கொடுத்தால் டிக்தான் வரும்.

எம்எஸ்சி_முதலாண்டு

மேட்ரன் அம்மா சொன்ன அந்த டிக்கைப் பற்றித்தான் பியாட்ரிஸ் காலிஷ் 2006-ல் எழுதினார். மருத்துவமனை நர்சுகளை உட்கார வைத்துப் பேசி, வழக்கமாக விடுபட்டுப் போகிற ஒன்பது வேலைகளைப் பட்டியல் போட்டார். நோயாளியை நடக்க வைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, நேரத்துக்குச் சாப்பாடு, வாய் மற்றும் உடல் சுத்தம், நோயைப் பற்றி எடுத்துச் சொல்வது, ஆறுதலாக நாலு வார்த்தை, டிஸ்சார்ஜ் தயாரிப்பு, இன்டேக் அவுட்புட் (உள்ளே போனதும் வெளியே வந்ததும் எவ்வளவு என்ற கணக்கு), தொடர் கண்காணிப்பு. படிக்கும்போது நம் வார்டைப் பார்த்து எழுதின மாதிரியே இருக்கும். அதில் இருந்து மிஸ்கேர் என்று ஒரு கேள்வித்தாளே வந்தது. செய்ததைக் கேட்காமல், விட்டதை நர்சிடமே கேட்பது அதன் முறை.

இன்சார்ஜ் அக்காவுக்கு நேரடியாக உதவக்கூடிய ஒன்றும் இருக்கிறது. லாரல் ராட்வின் 2003-ல் கேன்சர் நோயாளிகளுக்கென்றே நர்சிங் தரத்தை அளக்க ஓர் அளவுகோல் வெளியிட்டார். முழு வடிவத்தில் 40 கேள்வி, சுருக்க வடிவத்தில் 18. கூப்பிட்டால் கவனிக்கிறார்களா, என்னை இன்னார் என்று தெரிந்து கவனிக்கிறார்களா, ஒருவர் சொன்னது அடுத்தவருக்குத் தெரிந்திருக்கிறதா, கைவேலை சுத்தமாக இருக்கிறதா என நான்கு பிரிவு. நோயாளிகளிடமே பேசி, அவர்கள் சொன்னதில் இருந்து எடுத்தது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். என் தீசிசுக்கு இதைத்தான் எடுக்கலாமா என்று யோசிக்கிறேன்.

அதற்கும் முன்னால் 1984-ல் பட்ரீஷியா லார்சன், நர்ஸ் செய்யும் காரியம் ஒவ்வொன்று எழுதிய 50 அட்டைகளைக் கேன்சர் நோயாளிகளிடம் கொடுத்து, நர்ஸ் செய்வதில் உங்களுக்கு எது முக்கியம் என்று அடுக்கச் சொன்னார். அவர்கள் மேலே வைத்தது ஊசி, ஐவி, கருவிகளைத் தடுமாறாமல் கையாளத் தெரிந்திருப்பதை. பிறகு நர்சுகளிடம் அதே அட்டைகள் போனபோது அவர்கள் மேலே வைத்தது ‘நோயாளி சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பது’. எங்கள் வகுப்பில் இதைச் சொன்னதும் ஒரு மணி நேரம் சண்டை நடந்தது.

மூணாம்நம்பர்_அட்டெண்டர்

நர்ஸ் இல்லை, அப்பாவுக்காகக் கீமோ வார்டில் கிடந்தவன். படித்துக்கொண்டே வந்தேன், அந்த லார்சன் விஷயத்தில் வாய் திறக்காமல் இருக்க முடியவில்லை.

அட்டையை அப்பாவிடம் கொடுத்திருந்தால் அவரும் அதைத்தான் மேலே வைத்திருப்பார். அவர் கையில் நரம்பு கிடைப்பது கஷ்டம். சில சிஸ்டர்கள் குத்தி, உள்ளே துழாவி, எடுத்து, மறுபடி குத்துவார்கள். ஒரு சிஸ்டர் மட்டும் வந்தவுடன் கையை வெந்நீர்த் துணியால் சுற்றிவிட்டு வேறு வேலை பார்க்கப் போவார். திரும்பி வந்து விரலால் தடவிப் பார்த்து, ஒரே குத்து. பேச்சே கிடையாது அவரிடம், சிரிக்கவும் மாட்டார். ஆனால் டே கேரில் நுழைந்ததும் அப்பாவின் கண் அவரைத்தான் தேடும்.

அப்புறம் அந்தத் திருப்திப் படிவம். டிஸ்சார்ஜ் அன்று பில் செட்டில் ஆகவில்லை, காப்பீட்டு அனுமதி வரவில்லை, ஆம்புலன்ஸ்காரர் கீழே ஹாரன் அடிக்கிறார். அந்த நேரத்தில் எங்களைப் பார்த்த சிஸ்டரே படிவத்தை நீட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறார். மூன்று வாரத்தில் அடுத்த சைக்கிளுக்கு அதே கட்டிலுக்குத்தான் வரப்போகிறோம். யார் குறை எழுதுவார்? மேலிருந்து கீழாக எல்லாவற்றுக்கும் அஞ்சு போட்டேன். அப்பா பெயரில் கையெழுத்தும் நான்தான்.

புள்ளிக்கணக்கு

அட்டெண்டர் சார் ஒரே பத்தியில் மூன்று பிழைகளைக் காட்டிவிட்டார். கேட்பவர் தவறு, நேரம் தவறு, பதில் சொல்பவரும் தவறு. இப்படி வாங்கிய படிவத்தில் எல்லோரும் உச்சியில் போய் ஒட்டிக்கொள்வார்கள். நல்ல வார்டையும் சுமார் வார்டையும் பிரித்துக் காட்டாத எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எம்எஸ்சி தம்பி, ராட்வின் அளவுகோலை எவ்வளவு நன்றாகத் தமிழாக்கினாலும் இதே முறையில் வாங்கினால் இதே பதில்தான் வரும்.

இன்சார்ஜ் மேடத்துக்கு ஒரு கேள்வி. டே கேரில் மருந்து நரம்புக்கு வெளியே கசிவது பூஜ்யம் என்று தாளில் வருகிறதா? எத்தனை கீமோ போட்டதில் பூஜ்யம்? 300 முறை போட்டு ஒன்றுகூட இல்லை என்றால், உண்மையான விகிதம் நூற்றுக்கு ஒன்று வரைகூட இருக்கலாம். மூன்றை மொத்த எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள், பூஜ்யம் வரும்போதெல்லாம் மேல் எல்லை ஏறக்குறைய அதுதான். எனவே ஒரு மாதத்துப் பூஜ்யத்துக்குக் கேக் வெட்ட வேண்டாம்.

பூஜ்யத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஏமி எட்மண்ட்சன் மருந்துத் தவறுகளை ஆராய்ந்து 1996-ல் எழுதிய கட்டுரையில், நன்றாக நடத்தப்பட்ட குழுக்களில்தான் தவறு அதிகமாகப் பதிவாகியிருந்தது. அங்கே வெளியே சொல்லப் பயமில்லை, அவ்வளவுதான். உங்கள் தாளின் பச்சை எந்தப் பச்சை என்பது தாளுக்குத் தெரியாது.

கீமோசிஸ்டர்_கோவை

பூஜ்யம்தான் வருகிறது சார். ஏன் என்று எனக்கும் தெரியும். கசிவு என்று எழுதினால் இன்சிடென்ட் ஃபார்ம், அதன்பின் விளக்கக் கடிதம், அதன்பின் மீட்டிங். அதனால் ‘சிறிய வீக்கம், லைன் மாற்றப்பட்டது’ என்று நோட்ஸில் ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது.

நர்ஸ் அல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஆட்கள் ‘சிவப்பு ஊசி’ என்று சொல்லும் டாக்ஸோரூபிசின் நரம்பை விட்டு வெளியே வந்தால் தோலும் சதையும் வெந்துபோகும். அன்றைக்கு லேசான எரிச்சல், நாள் போகப் போகப் புண். அதனால் மருந்தைத் தள்ளும்போது நடுநடுவே சிரிஞ்சைப் பின்னால் இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். எரிகிறது என்று நோயாளி சொன்ன நொடியில் நிறுத்த வேண்டும். ஊசியைப் பிடுங்கிவிடக் கூடாது, அதன் வழியாகவே உள்ளே நின்ற மருந்தை உறிஞ்சி எடுக்க வேண்டும். வீக்கத்தின் ஓரத்தைப் பேனாவால் கோடு போட்டு வைத்தால்தான் பரவுகிறதா என்று தெரியும். டாக்ஸோரூபிசினுக்குக் குளிர் ஒத்தடம், வின்கிரிஸ்டினுக்கு வெப்ப ஒத்தடம். மாற்றிக் கொடுத்தால் கெடுதல் கூடும்.

இத்தனை நுணுக்கமும் அரை மணி நேரத்துக்குள் நடந்து முடிகிற நர்சிங். ஆனால் தாளில் ‘கசிவு: 0’. கசிந்ததா இல்லையா என்பதைவிட, கசிந்தபோது எவ்வளவு சீக்கிரம் பிடித்தோம், அடுத்து என்ன செய்தோம் என்று கேட்டால் எங்கள் பெண்கள் ஒளிக்காமல் எழுதுவார்கள் என்று தோன்றுகிறது.

ஆன்கோ_மருத்துவர்

நல்ல விவாதம். ஆனால் கொஞ்சம் குறுக்கே நிற்கிறேன். நோயாளி பிழைத்தாரா, நோய் திரும்பியதா, சிகிச்சை இடையில் நின்றதா என்பவைதான் கடைசிக் கணக்கு. வாய் சுத்தம், பேச்சு, பரிவு எல்லாம் வேண்டும்தான். ஆனால் அவற்றை எண்ணாக்கி ஓட ஆரம்பித்தால் எங்கே போய் முட்டும் என்பதற்கு அமெரிக்கா சாட்சி. நாடி, பிபி, காய்ச்சல், மூச்சு மாதிரி வலியையும் ஐந்தாவது வைட்டல் சைன் என்று சொல்லி எல்லோரையும் பூஜ்யத்தில் இருந்து பத்துக்குள் எண் சொல்ல வைத்தார்கள். 2001-ல் மருத்துவமனைகளை அங்கீகரிக்கும் ஜாயின்ட் கமிஷன் அதை அங்கீகார விதிகளில் கொண்டுவந்தது. வலி குறைந்ததா என்ற நோயாளி சர்வே கேள்வி மருத்துவமனைக்கு வரும் பணத்தோடும் முடிச்சுப் போடப்பட்டது. மாத்திரை எழுதுவது ஏறியதற்கு இது மட்டும் காரணமில்லை, ஆனால் பங்கு உண்டு. 2016-ல் அமெரிக்க மருத்துவச் சங்கமே அந்த ஐந்தாவது சைன் பேச்சைக் கைவிடச் சொன்னது. பணக் கணக்கில் இருந்தும் அந்தக் கேள்விகளைத் தூக்கினார்கள். எண் குறைய வேண்டும் என்று நெருக்கினால் எண்தான் குறையும்.

எம்எஸ்சி_முதலாண்டு

சார், மரியாதையோடு மறுக்கிறேன். பிழைப்பதையும் நர்சிங்கையும் இரண்டாகப் பிரிக்க முடியாது என்பதற்கு ஈதன் பாஷ் குழுவின் ஆய்வு இருக்கிறது. நியூயார்க் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங்கில், பரவிய புற்றுநோய்க்குக் கீமோ எடுத்த 766 பேர். ஒரு பிரிவினர் தங்கள் உபாதைகளை, அதாவது வாந்தி, வலி, மூச்சுத்திணறல், பசியின்மை மாதிரியானவற்றை, டேப்லெட்டிலோ வீட்டுக் கணினியிலோ தாங்களே பதிவு செய்தார்கள். உபாதை கடுமையானாலோ மோசமாகிக்கொண்டே போனாலோ நர்சுக்கு மின்னஞ்சல் போகும். நர்ஸ் கூப்பிட்டுப் பேசி வேண்டியதைச் செய்வார். மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. 2017-ல் வந்த முடிவில் பதிவு செய்த பிரிவின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம், 31.2 மாதம், மற்றதில் 26.0. புது மருந்து ஒன்று ஐந்து மாதம் கூடக் கொடுத்திருந்தால் விலை என்னவாக இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆன்கோ_மருத்துவர்

அந்த ஆய்வு தெரியும். ஒரே மையம், நல்ல வசதியுள்ள மையம். இருந்தாலும் உங்கள் பேச்சு நியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் கவனியுங்கள். அங்கே பலன் கொடுத்தது எண்ணா, அந்த எண்ணைப் பார்த்து ஒருவர் போனை எடுத்ததா?

மேட்ரன்_மதுரை

டாக்டர் சார், இப்போதுதான் எங்கள் வழிக்கு வந்திருக்கிறீர்கள்.

வலி விஷயத்தில் அமெரிக்காவின் சிக்கல் நமக்கு இல்லை. நமக்கு நேர் எதிர். 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து மார்ஃபின் வைத்துக்கொள்ளவே மருத்துவமனைகள் அஞ்சின. 2014-ல்தான் சட்டம் திருத்தப்பட்டது. இன்றைக்கும் அலமாரிச் சாவி யாரிடம் என்று தேடுவதிலேயே பாதி ராத்திரி போகிற இடங்கள் உண்டு.

நான் ரவுண்ட்ஸ் போகும்போது வலி எண்ணைப் பார்க்க மாட்டேன். அடுத்த எண்ணைத்தான் பார்ப்பேன். காலை பத்து மணிக்கு வலி 8, மார்ஃபின் கொடுக்கப்பட்டது என்று இருக்கும். பதினொன்றுக்கு மறுபடி கேட்டாயா? அது இல்லையென்றால் அந்த 8 யாருக்காக எழுதினது?

இன்னொன்றும் பார்ப்பேன். மார்ஃபின் எழுதிய சார்ட்டில் மலமிளக்கி எழுதியிருக்கிறதா? மார்ஃபின் சாப்பிட்டால் மலச்சிக்கல் வரும், விதிவிலக்கு அபூர்வம். வலி போய் வயிறு கல்லாகிக் கிடக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மருந்து எழுதுவது டாக்டர். ஆனால் எத்தனை நாளாக வெளிக்குப் போகவில்லை என்று கேட்டு, டாக்டரை நச்சரித்து எழுத வைப்பது நர்ஸ். இதை அளக்கச் செலவே இல்லை. பத்து சார்ட்டை எடுத்து வைத்துப் பார்த்தால் அந்த வார்டின் நர்சிங் தெரிந்துவிடும்.

லீட்ஸ்_செவிலி

இங்கிலாந்தில் இருந்து எழுதுகிறேன். மேட்ரன் அம்மா முதலில் சொன்ன ஆள் கணக்குக்கு இரண்டு எண்கள். லிண்டா ஏய்க்கன் 2002-ல் பென்சில்வேனியா மருத்துவமனைகளில் பார்த்தது: ஒரு நர்சுக்கு ஒரு நோயாளி கூடினால், அறுவை சிகிச்சை முடிந்தவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. 2014-ல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் பார்த்தபோதும் கிட்டத்தட்ட அதே 7. அது அறுவை சிகிச்சை வார்டு, கீமோ வார்டு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இங்கே எண்களுக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் ஸ்டாஃபோர்டு மருத்துவமனையில் நடந்ததைப் பற்றி 2013-ல் வந்த ஃபிரான்சிஸ் அறிக்கையைப் படித்தால் வயிறு கலங்கும். நிதி இலக்கு, காத்திருப்பு நேர இலக்கு என்று நிர்வாகம் ஓடிக்கொண்டிருந்தபோது நோயாளிகள் நனைந்த படுக்கையிலும் எட்டாத தண்ணீரோடும் கிடந்தார்கள். அந்த நிலைமையில்தான் 2008-ல் அந்த மருத்துவமனை அமைப்புக்குத் தன்னாட்சித் தகுதியும் கிடைத்தது. விடாமல் கத்தியது குடும்பத்தார்.

கேன்சருக்கு இங்கே உருப்படியாக இருப்பது தேசிய நோயாளி அனுபவக் கணக்கெடுப்பு, 2010-ல் தொடங்கியது. நோயாளி வீட்டுக்குப் போனபின் படிவம் அங்கே போகிறது, நர்ஸ் பக்கத்தில் நிற்க முடியாது. ‘எவ்வளவு திருப்தி’ என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டு விட்டுவிடுவதில்லை. உங்களுக்கென்று ஒரு சிறப்பு நர்சின் பெயர் சொல்லப்பட்டதா, அவரைத் தொடர்புகொள்வது சுலபமாக இருந்ததா என்கிற மாதிரி, நடந்ததா இல்லையா என்று கேட்கிறார்கள். சிறப்பு நர்ஸ் இருந்தவர்கள் மற்றக் கேள்விகளிலும் நல்ல பதில் சொல்வது திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். அட்டெண்டர் தம்பி அஞ்சு போட்ட படிவத்துக்கும் இதற்கும் வித்தியாசம் அங்கேதான்.

மூணாம்நம்பர்_அட்டெண்டர்

அக்கா, அப்படிக் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். ‘சிஸ்டர்கள் அன்பாக நடந்துகொண்டார்களா’ என்றால் ஆமாம்தான், பாவம் அவர்களும் ஓடிக்கொண்டே இருந்தார்கள். ‘ராத்திரி காய்ச்சல் வந்தால் எந்த நம்பரைக் கூப்பிட வேண்டும் என்று யாராவது சொன்னார்களா’ என்று கேட்டிருந்தால் பதில் இல்லை என்பதுதான். கீமோ போட்டு ஒரு வாரம் கழித்து அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தபோது பாராசிட்டமால் கொடுத்துப் படுக்க வைத்தோம். ஊர் வழக்கம் அதுதானே. காலையில் பேச்சு குழறியபோதுதான் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

கீமோசிஸ்டர்_கோவை

தம்பி, அது நியூட்ரோபீனியாக் காய்ச்சல். வெள்ளணு விழுந்து கிடக்கிற நேரத்தில் 100.4 தாண்டினால் கஷாயம், பாராசிட்டமால் என்று காத்திருக்கக் கூடாது, நேராக வர வேண்டும். வந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும். அதை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஆங்கிலத்தில் கடைசி வரியாக அச்சடித்துவிட்டு ‘நோயாளிக்குக் கல்வி அளிக்கப்பட்டது’ என்று டிக் போடுகிறோம். அப்பா இப்போது எப்படி இருக்கிறார்?

மூணாம்நம்பர்_அட்டெண்டர்

அன்றைக்குப் பிழைத்துக்கொண்டார் சிஸ்டர். சிகிச்சை முடிந்துவிட்டது. இப்போது நியூஸ் பார்த்துக்கொண்டு டிவியோடு சண்டை போடுகிறார்.

யாழ்_தாதி

இப்போதுதான் இழையைக் கண்டேன். நான் இலங்கையில், வடக்கில் தாதிய உத்தியோகத்தர், நீங்கள் சொல்கிற நர்ஸ். எங்கட பக்கம் கனகாலம் புற்றுநோய் என்றால் மகரகமவுக்குப் போக வேண்டும், அதாவது கொழும்புப் பக்கம். 2011-ல் தெய்வேந்திர முனையில் இருந்து பருத்தித்துறை வரை நடந்து திரட்டிய நிதியில் தெல்லிப்பளையில் ஒரு புற்றுநோய் வைத்தியசாலை எழும்பியது. அது பெரிய ஆறுதல். இருந்தாலும் ஆக்கள் தூரத்துக் கிராமங்களில் இருந்து பஸ் ஏறித்தான் வருகினம்.

நீங்கள் எல்லோரும் விடுதிக்குள் நடக்கிறதைப் பற்றியே கதைக்கிறீர்கள். எனக்கு அந்தத் தம்பி சொன்னதுதான் முக்கியமாகத் தெரிகிறது. மருந்து ஏற்றிய ஆள் எங்களோடு இருப்பது சில மணித்தியாலம், மிச்ச நாள் எல்லாம் வீட்டில். வாந்தி, வாய்ப்புண், காய்ச்சல் எல்லாம் அங்கேதான் வரும். பேந்து எங்கட தரத்தை எங்கே போய் அளப்பது? வீட்டுக்கு அனுப்பும் முன் நான் ஒன்று செய்வேன். ‘விளங்கிச்சா’ என்று கேட்க மாட்டேன், எல்லோரும் ஓம் என்றுதான் சொல்லுவினம். ‘அம்மா, இரவில் காய்ச்சல் காய்ந்தால் என்ன செய்வீங்கள், எனக்கு ஒருக்காச் சொல்லிக் காட்டுங்கோ’ என்று கேட்பேன். ‘பனடோல் போட்டுட்டு விடியுமட்டும் பார்ப்பன்’ என்று வந்தால், நான் சொல்லிக் கொடுத்தது போய்ச் சேரவில்லை. திரும்ப இருந்து சொல்ல வேண்டும்.

மேட்ரன்_மதுரை

யாழ் தங்கை சொல்வது நூற்றுக்கு நூறு. இங்கே 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வலிநிவாரணக் கவனிப்புக்கென்று செவிலியர் வீட்டுக்கே போகிறார்கள். கட்டு மாற்றுவது, டியூப் பார்ப்பது, வீட்டாருக்குச் சொல்லிக் கொடுப்பது எல்லாம் அந்தப் பிள்ளைகள்தான். ஆனால் மேலே போகிற கணக்கில் எத்தனை வீடு என்பதுதான் முன்னால் நிற்கிறது. ஒரு வீட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்து நாற்றமடிக்கிற மார்புப் புண்ணைச் சுத்தம் செய்து மருந்து வைத்துக் கட்டியதும் ஒன்று, வாசலில் நின்று பிபி பார்த்ததும் ஒன்று.

கீமோசிஸ்டர்_கோவை

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை குவாலிட்டி மீட்டிங்கில் வைக்கப் போவதை எழுதுகிறேன், கிழித்துத் தள்ளுங்கள்.

பழைய தாள் இருக்கட்டும், ஆய்வுக்கு அது வேண்டும். அதோடு மேல் வார்டில் வலி 4-க்கு மேல் எழுதப்பட்ட சார்ட்டுகளில் ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி கேட்டிருக்கிறார்களா என்று பார்க்கலாம். மார்ஃபின் சார்ட்டில் மலமிளக்கி இருக்கிறதா என்பதையும் அதே கையோடு பார்த்துவிடலாம். வாய்ப்புண்ணுக்கு டிக் கட்டத்தையே எடுத்துவிட்டு, பூஜ்யத்தில் இருந்து நான்கு வரை உலக சுகாதார நிறுவன கிரேடு எழுத வேண்டும் என்று வைக்கப் போகிறேன். வாயைத் திறக்கச் சொல்லாமல் எண் எழுதக் கை வராது என்று நம்புகிறேன். டே கேரில் கசிவு எத்தனை என்பதோடு, நோயாளி எரிகிறது என்றதில் இருந்து நிறுத்தியது எப்போது, கோடு போட்டது எப்போது என்று நேரம் எழுத வேண்டும். கசிவு எழுதினால் விளக்கக் கடிதம் கேட்க மாட்டோம் என்று நர்சிங் சூப்பரிண்டெண்டண்ட் கையெழுத்தில் சுற்றறிக்கை வந்தால்தான் இது நடக்கும், அதையும் கேட்கப் போகிறேன். கீமோ முடிந்து போகிறவர்களிடம் யாழ் சகோதரி சொன்ன மாதிரி காய்ச்சல் கேள்வியைத் திருப்பிச் சொல்லச் சொல்வது. காய்ச்சலோடு வருகிறவர்களுக்கு வாசலில் இருந்து முதல் ஆன்டிபயாட்டிக் வரை எத்தனை நிமிடம் என்பதும் வேண்டும், ஆனால் அது கேஷுவாலிட்டியும் பார்மசியும் சேர்ந்தது. எங்களை மட்டும் அதற்குப் பிடிக்கக் கூடாது.

புள்ளிக்கணக்கு

நன்றாக இருக்கிறது. இரண்டு திருத்தம். எல்லா சார்ட்டையும் பார்க்க வேண்டாம், வாரத்துக்குப் பத்து போதும். ஆனால் அந்தப் பத்தை நீங்கள் எடுக்கக் கூடாது. நோயாளிப் பதிவேடுகளை வைத்திருக்கும் எம்ஆர்டியில் இருந்து குலுக்கிப் போட்டுக் கொடுக்கட்டும், இரவு ஷிஃப்டும் ஞாயிற்றுக்கிழமையும் அதில் விழ வேண்டும். அடுத்தது, ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அன்றைக்கு அந்த ஷிஃப்டில் எத்தனை நோயாளி, எத்தனை நர்ஸ் என்று ஒரு கட்டம் சேருங்கள். மேட்ரன் அம்மா முதல் பதிவில் சொன்னது அப்போதுதான் தாளில் தெரியும். டே கேரில் படுக்கை நாள் கணக்கு செல்லாது, எத்தனை கீமோ போட்டீர்கள் என்பதால் வகுங்கள்.

ஆன்கோ_மருத்துவர்

மலமிளக்கி விஷயத்தில் பாதிக் குற்றம் எங்களுடையது. மார்ஃபின் எழுதும் ஆர்டர் தாளிலேயே அதையும் அச்சடித்துவிடுங்கள், வேண்டாம் என்றால் நாங்கள் அடிக்கட்டும்.

எம்எஸ்சி_முதலாண்டு

அக்கா, அந்தப் பத்து சார்ட் பார்க்கிற வேலையை என்னிடம் கொடுப்பீர்களா? நான் உங்கள் வார்டு ஆள் இல்லை, எனக்கு யார் மேலும் கோபமும் இல்லை. எத்திக்ஸ் கமிட்டி அனுமதிக்கு எங்கள் கல்லூரியில் இருந்து கடிதம் வாங்கி வருகிறேன். ராட்வின் கேள்விகளை வீட்டுக்குப் போனவர்களிடம் போனில் கேட்டுப் பார்க்கவும் ஆசை.

கீமோசிஸ்டர்_கோவை

கடிதத்தோடு வா. போனில் கேட்பதானால் காலை பதினொன்றுக்கு மேல் கூப்பிடு, அதற்கு முன் பலருக்கு வாந்தி அடங்கியிருக்காது. நோயாளியே பேசட்டும், மகனிடம் கொடுக்கச் சொல்லாதே. மூணாம் நம்பர் தம்பி மன்னிக்கவும்.

மேட்ரன்_மதுரை

சுற்றறிக்கையை முதலில் வாங்குங்கள் சிஸ்டர். எழுத்தில் வாங்குங்கள். மீட்டிங்கில் தலையாட்டிவிட்டு, முதல் கசிவு பதிவானதும் மெமோ கொடுப்பார்கள்.